ஓவியத்தின் கீழே 'கைதி' என்று எழுதுங்கள்

செமினோல் தலைவர்களின் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஃபுளோரிடாவிலிருந்த செமினோல் பழங்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்த அமெரிக்க அரசு 1835 முதல் 1842 வரை போர் நடத்தியது. அந்தப் போரைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் கேட்லின் தீட்டிய, செமினோல் போர்த்தலைவர் ஒஸியோலாவின் முகம்தான். தலைப்பாகையில் இறகுகள், மார்பில் பிறை வடிவில் மூன்று வெள்ளித் தகடுகள், பூப்போட்ட சீட்டித்துணிச் சட்டை. 'பெரும்புகழ் வீரர்' என்று தலைப்பிலேயே பாராட்டு வேறு.

அவர் எங்கே உட்கார்ந்து இதற்குக் காட்சி கொடுத்தார்? தெற்குக் கரோலைனாவில், சார்ல்ஸ்டன் அருகே மௌல்ட்ரி கோட்டைச் சிறையில். 1837 அக்டோபரில் வெள்ளைக் கொடியோடு பேச வந்தவரை அமெரிக்கத் தளபதி ஜெனரல் ஜெஸப்பின் உத்தரவுப்படி படையினர் வளைத்துப் பிடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சமரசம் பேசிய செரோக்கி பழங்குடித் தூதர்களை நம்பிப் பேச வந்த செமினோல் தலைவர் மிக்கனோபிக்கும் அதே கதி. அவரையும் கேட்லின் அதே கோட்டையில்தான் வரைந்தார். வரையும்போதே ஒஸியோலா கடும் நோயாளி. 1838 ஜனவரி 30 அன்று இறந்தார். சிகிச்சை பார்த்த மருத்துவரே அடக்கத்துக்கு முன் தலையை வெட்டி எடுத்துக்கொண்டார்.

கேட்லின் மேல் எனக்குக் கோபமில்லை. கைதிகள்மீது அவருக்கு இரக்கம் இருந்தது. உடுத்தியிருப்பதும் ஒஸியோலாவின் சொந்த மிடுக்கு; சாகும் நாளிலும் முகத்தில் வண்ணம் பூசி, முழு உடையணிந்தே படுத்தவர் அவர். ஆனால் விளக்க அட்டையில் ஓவியர் பெயர், ஆண்டு, எண்ணெய் வண்ணம், அளவு என்று மட்டும் போட்டால், பார்ப்பவர் இதை ஏதோ அரசவை ஓவியம் என்று நினைத்துவிட்டுப் போவார். 1826இல் வாஷிங்டன் சென்ற செமினோல் தூதுக்குழுவினரை ஓவியர் சார்ல்ஸ் பேர்ட் கிங் வரைந்தது வேறு. அவர்கள் தாங்களாகப் போனவர்கள்.

ஆகவே அட்டையில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: எப்படிப் பிடிபட்டார், எந்தக் கோட்டையில் இருந்தபோது வரைந்தது. முடிந்தால் பக்கத்தில், கேட்லினின் கோட்டை ஓவியங்களில் இல்லாதவர்களின் பெயரையும் எழுதுங்கள். கேட்லின் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே செயின்ட் அகஸ்டின் சிறையிலிருந்து தப்பிய செமினோல் தலைவர் கோவக்கூச்சி இருக்கிறார். கடைசிவரை யார் கையிலும் சிக்காமல் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்திலேயே தங்கிவிட்ட முதியவர் அபியாகா இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்