குழியானை காட்டிய அத்தைக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

என் வீட்டுக்காரர் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது உள்ளறையில் தூங்குகிறார். நடுநடுவே எழுந்துபோய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அதனால் இந்தக் கடிதம் கோர்வையாக இருக்காது. என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

இரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி முறைபோட்டு உட்கார்ந்தவர்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து வீட்டுப்பாடம் வரைக்கும் பார்த்துக்கொண்டவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் பணம் கட்டிவிட்டுப் போனவர் (யார் என்று கண்டுபிடித்துவிட்டேன், தப்பிக்க முடியாது), கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டவர்கள், ஊசி போடும்போதெல்லாம் அவரிடம் கிரிக்கெட் பேசிக் கவனத்தைத் திருப்பிய செவிலியர், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. போன் செய்து நான் எடுக்காதபோது கோபித்துக்கொள்ளாதவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அதுவும் பெரிய உதவிதான்.

ஆனால் ஒரே ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கீழ்வீட்டு அத்தை. பெயர் போட்டால் திட்டுவார், அதனால் போடவில்லை.

அந்த முக்கியமான பரிசோதனையின் முடிவு மதியம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தேன். சும்மா நின்றிருந்தேன். அத்தை வந்து எட்டிப்பார்த்து, "செருப்பைப் போட்டுக்கோ, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றார். இந்த நேரத்தில் நடையா என்று எரிச்சல்தான் வந்தது. மறுத்துப் பேசுவதற்குக்கூடச் சக்தி இல்லாததால் போனேன்.

மரங்களுக்கு நடுவே போகும் அந்த மண்பாதையில் அத்தையோடு நடப்பது லேசான காரியம் இல்லை. பத்தடிக்கு ஒருதரம் நிற்பார். ஒரு காய், ஒரு இறகு, எதையாவது குனிந்து பார்ப்பார். நான் போனைப் பார்ப்பேன். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்த எனக்கு அதுவே பெரிய ஓய்வாக இருந்தது.

பாதை திரும்பும் இடத்தில் ஒரு பெரிய பாறை. மழை படாத அதன் அடியில் மாவு போல நைஸான மண். அதில் சின்னச் சின்னக் குழிகள். "குழியானை! பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு" என்று, முட்டிவலியோடு, அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சின்ன வயதில் குச்சியை விட்டுக் கலைத்தவர்களுக்குத் தெரியும். பின்பக்கமாகவே நகர்ந்து, சுற்றிச் சுற்றி, தலையால் மண்ணை வெளியே எறிந்து எறிந்து அந்தப் பூச்சி குழியைத் தோண்டும். ஓரத்து மண் இன்னும் ஒரு துளி சாய்ந்தாலும் சரிந்துவிடும் என்கிற அளவில் சுவரை நிறுத்தும். அப்புறம் அடியில் புதைந்துகொண்டு, தாடையை மட்டும் திறந்து வைத்துக் காத்திருக்கும். எறும்பு வந்தால் சாப்பாடு. வராவிட்டால் மாதக்கணக்கில்கூடப் பட்டினி தாங்கும். இது ஒரு புழுப் பருவம்தான். இரை கிடைப்பதைப் பொறுத்து இப்படியே இரண்டு மூன்று வருடம்கூட இருந்துவிட்டு, மண்ணுக்குள் கூடு கட்டி, கடைசியில் தும்பி மாதிரி இறக்கையோடு வெளியே வரும். இதெல்லாம் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. அன்று காலை எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குழியும் அதில் எந்த அசைவும் இல்லாததும்தான்.

"எவ்வளவு நேரம் அத்தை இப்படியே இருக்கும்?" என்றேன்.

"குழியை வெட்டிடுச்சு இல்ல? அதோட வேலை முடிஞ்சுது. எறும்பைக் கூட்டிட்டு வர்றது அதோட வேலை இல்லை."

அந்த நாட்களில் என் வேண்டுதல் எல்லாம் கடவுளுக்குக் கெடு வைப்பதாகவே இருந்தது. இன்றைக்குள் காய்ச்சல் இறங்கணும், நாளைக்குள் கண் திறக்கணும், வெள்ளிக்கிழமைக்குள் வார்டுக்கு மாற்றணும். மருத்துவர், மருந்து, பணம், ஆள் என்று என்னால் முடிந்ததையெல்லாம் செய்து முடித்த பிறகும், இன்னும் எதையோ செய்யாமல் விட்டுவிட்டேன் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அத்தை அதை மனதில் வைத்துச் சொன்னாரா, பூச்சியைப் பற்றி மட்டும் சொன்னாரா, இன்றுவரை கேட்கவில்லை.

அப்போது ஒரு எறும்பு விளிம்புக்கு வந்தது. கால் வழுக்கிச் சரிந்தது. அடியிலிருந்து மண் துகள்கள் வீசி எறியப்பட்டன. ஏற ஏற எறும்பு சறுக்கியது. என் கை என்னை அறியாமல் நீண்டது, எறும்பைத் தூக்கிவிட. அத்தை தடுக்கவும் இல்லை, விடு என்றும் சொல்லவில்லை. நான் தொடுவதற்குள் எறும்பு எப்படியோ ஒரு வேர்நுனியைப் பிடித்து ஏறி ஓடிவிட்டது. சிறிது நேரத்தில் குழிக்குள் இருந்து மறுபடி மண் பறந்தது. சரிந்த சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தது அது.

"சரி அத்தை, குழியானைக்குப் படியளக்கிறது கடவுள்னா, எறும்புக்கு யாரு?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

சிரித்தார். "அதுக்கும் அவன்தான். உங்க மாமா போனதுல இருந்து நானும் இதைத்தான் கேட்டுட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை. கேட்கிறதை நிறுத்தலை, கும்பிடறதையும் நிறுத்தலை."

அத்தனை மாதங்களில் கடவுளைப் பற்றி என்னிடம் சொல்லப்பட்டதில் நான் முழுசாக நம்பியது இந்த ஒன்றைத்தான். திரும்பி வரும்போது போன் பைக்குள் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

அன்று மதியம் வந்த முடிவு நல்லதாக இல்லை, அதுவும் உங்களுக்குத் தெரியும். கதையில் வருகிற மாதிரி நடை போய்விட்டு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. அதற்குப் பிறகுதான் மோசமான வாரங்களே வந்தன. ஆனால் அந்த வாரங்களில் நான் கெடு வைக்கவில்லை. காலையில் செய்ய வேண்டியதைச் செய்தேன், "இது உன் பாடு" என்று ஒரு வரி சொன்னேன், சாப்பிட்டேன், உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்க முடிந்தது. அவர் பிழைத்ததற்காக மட்டும் கடவுளுக்கு நன்றி சொன்னால், பிழைக்காதவர்களின் வீட்டார் எங்கே போவார்கள்? பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்குத் தனியாகத்தான் போனார். இதை எழுதும்போதும் அவர் முகம்தான் நினைவில் நிற்கிறது. அதனால் உட்கார்ந்திருக்க முடிந்ததற்கு முதலில் நன்றி சொல்கிறேன், மற்றதற்கு அடுத்தபடியாக.

ஒன்று மட்டும் தீர்மானம் செய்திருக்கிறேன். இனி யாராவது முடிவுக்காகக் காத்திருந்தால் அவர்களிடம் ஆறுதல் பேச மாட்டேன். "செருப்பைப் போட்டுக்கோங்க" என்று கூப்பிடுவேன். அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியை அடுத்த வாரம் போய்ப் பார்க்கப் போகிறேன், அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அப்புறம், அவரைப் பார்க்க வர நினைப்பவர்கள் தயவுசெய்து மாதக் கடைசி வரை பொறுங்கள், தொற்று பயம் இருக்கிறது. இன்னொரு விஷயம்: சாப்பாடு கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் எங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன, எது யாருடையது என்று சத்தியமாகத் தெரியவில்லை. கழுவித் துடைத்துத் திண்ணையில் அடுக்கி வைக்கிறேன், அவரவருடையதை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் வீட்டுப் பெண்