நோவாக் வீட்டுப் பெண்

போஸ்னான், போலந்து

அன்புள்ள தேன்மொழி,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நாளைக்குக் குனிந்து பாரம் தூக்க விடாதே. சொன்னால் கேட்கிற ஆளில்லை என்று எனக்கும் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் போலிஷ் மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். நான் வாயைத் திறந்தால் ரொட்டிக்கடைக்காரம்மாவுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. படிக்க மட்டும் ஓரளவு வருகிறது.

இந்த ஊர்க் கால்பந்து ஆட்டக்காரர்கள் பெயரெல்லாம் ஏன் 'ஸ்கி, ஸ்கி' என்று முடிகிறது, அது சாதிப் பெயரா என்று கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. இப்போது அதை வைத்து ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எங்கள் மேல்வீட்டு அம்மாள் இதை அண்மையில்தான் தெரிந்துகொண்டார், அதுவும் விருப்பமில்லாமல்.

அவர் குடும்பப் பெயர் நோவாகோவ்ஸ்கா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 'நாங்கள் ஷ்லாஹ்தா வம்சம்' என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். ஷ்லாஹ்தா என்றால் பழைய போலந்தின் பிரபுக் குலம். மற்ற நாடுகளைப் போல விரல் விட்டு எண்ணும் கூட்டமில்லை, மக்களில் நூற்றுக்கு எட்டு பத்துப் பேர் அந்தக் குலம். அதில் பலர் தங்கள் நிலத்தைத் தாங்களே உழுத ஏழைப் பிரபுக்கள். ஆனாலும் இடுப்பில் வாள் தொங்கும்.

'ஸ்கி' அவர்களிடமிருந்து கிளம்பியதுதான். டோம்ப்ரோவா என்றால் ஓக் மரத் தோப்பு. அந்தப் பெயருள்ள ஊர் யாருக்குச் சொந்தமோ அவர் டோம்ப்ரோவ்ஸ்கி. மேரி கியூரி பிறந்த வீட்டின் பெயர் ஸ்குவொடோவ்ஸ்கி. அது ஸ்குவோடி என்ற ஊரிலிருந்து வந்தது, அவர்களும் அப்படிப்பட்ட சிறு பிரபுக் குடும்பம்தான். அவர் பெண் என்பதால் ஸ்குவொடோவ்ஸ்கா. ஆணுக்கு ஸ்கி, பெண்ணுக்கு ஸ்கா. கவிஞர் ஷிம்போர்ஸ்காவின் அப்பா ஷிம்போர்ஸ்கி. பாரிசுக்குப் போன பிறகும் கியூரி அம்மையார் அந்த 'ஸ்கா'வை விடாமல் சேர்த்தே கையெழுத்துப் போட்டார் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பெரிய வீட்டுக்காரர்கள் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நகரத்துக் கைவினைஞர்கள், பிறகு குடியானவர்கள் என்று ஒவ்வொருவராக 'ஸ்கி'யை ஒட்டிக்கொண்டார்கள். கொவால் என்றால் கொல்லன். அவன் பிள்ளை கொவால்ச்சிக் ஆனான், இன்னொரு கொல்லன் வீடு கொவால்ஸ்கி ஆனது. 1921 அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களையே செல்லாது என்றது. அதற்கு வெகுகாலம் முன்பே 'ஸ்கி'க்கு அந்த மதிப்பு போயிருந்தது.

மேல்வீட்டு அம்மாள் வேர் தேடக் கிளம்பியதும் முதலில் அகராதியைத்தான் எடுத்தார். காஷிமியெஷ் ரிமுத் என்ற மொழியியலாளர் நாட்டில் புழங்கும் குடும்பப் பெயர்களையெல்லாம், எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்ற கணக்கோடு, 1990களில் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அதில் நம் பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம், நம் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. டோம்ப்ரோவா, டோம்ப்ரூவ்கா என்ற பெயரில் போலந்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. நீ டோம்ப்ரோவ்ஸ்கியாக இருந்தால் அதில் எந்தத் தோப்பு உன் தோப்பு? பாட்டன் எந்தப் பங்குக் கோயிலில் திருமுழுக்கு வாங்கினார் என்று தெரியாதவரை பெயரின் பொருள் தெரிந்து ஒரு பயனும் இல்லை. அதனால் இந்த அம்மாளும் பதிவேடுகளுக்குத்தான் போக வேண்டியதாயிற்று.

போலந்தை ரஷ்யா, ஆஸ்திரியா, ஜெர்மன்காரர்களின் பிரஷ்யா என்ற மூன்று வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்ட கதை உனக்குத் தெரியும். இந்தப் பகுதி 1793இல் பிரஷ்யாவின் கைக்குப் போனது. அதனால் இங்கே 1874 முதல் சிவில் பதிவெல்லாம் ஜெர்மனில் இருக்கிறது, அதற்கு முந்தைய கோயில் ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில். வார்சா பக்கம் போனால் 1868 முதல் ரஷ்ய எழுத்து. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் குடியேறியிருந்தால் இரண்டு பெயரையும் சேர்த்து அடையாளம் காண்பதற்குள் தலை சுற்றிவிடும்.

ஜெர்மன் ஏட்டில் தாத்தா வரைக்கும் நோவாகோவ்ஸ்கிதான். அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். லத்தீன் ஏட்டுக்குள் நுழைந்ததும் ஒரு திருமணப் பதிவில் 'நோவாக் வெல் நோவாகோவ்ஸ்கி' என்று இருந்தது. 'வெல்' என்றால் 'அல்லது'. அதற்கு முந்தைய தலைமுறை வெறும் நோவாக். பண்ணையில் வேலை செய்த ஆள். இங்கத்திய ஏடுகளில் இது சர்வ சாதாரணமாம். வேறு ஊருக்குப் போனாலோ பெண் வீட்டு நிலத்துக்குக் குடியேறினாலோ குடியானவனின் பெயரும் கூடவே மாறிவிடும்.

நோவாக் என்றால் 'புதியவன்'. எங்கிருந்தோ வந்து சேர்ந்தவனை ஊர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறது. இன்று நாட்டிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அதுதான், சுமார் இரண்டு லட்சம் பேர். அம்மாள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எனக்கு என்னவோ வாள் தொங்கும் ஆளைவிட இந்த ஆளின் கதைதான் சுவாரசியம். எங்கிருந்து வந்தான், ஏன் வந்தான்? அதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

'ஆக்' என்று முடிவது இந்தப் பக்கத்து வழக்கம். வோஷ்னியாக் என்றால் கோர்ட்டு அமீனாவின் மகன். கிழக்கே போனால் 'சுக்' வந்துவிடும். நாவலாசிரியை தோகார்ச்சுக் பெயருக்குள் ஒரு கடைசல்காரர் இருக்கிறார். மலைப்பக்கம் ஸாகோபானே ஊரில் கொன்ஷெனீட்சா, அதாவது கம்பளிப்பூச்சி, என்று ஏகப்பட்ட வீடுகள். யார் எந்தக் கம்பளிப்பூச்சி என்று தெரிய பின்னால் இன்னொரு பெயரும் சேர்ப்பார்கள்: கொன்ஷெனீட்சா-டானியெல், கொன்ஷெனீட்சா-பிர்ட்சின் என்று. பனிச்சறுக்குப் போட்டிப் பட்டியலில் பார்த்தால் உனக்கும் சிரிப்பு வரும்.

யூதர்கள் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயரே கிடையாது, இன்னாரின் மகன் என்பதோடு சரி. ஆஸ்திரியா 1787இல் ஜெர்மன் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது, பிரஷ்யாவும் பின்னால் அதே வழியில் வந்தது. அப்படி வந்த பெயர்களைப் பிற்பாடு போலிஷ் எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். ஃப்ரீட்மான் 'ஃப்ரிட்மன்' ஆனது இப்படித்தான். நீ திருவண்ணாமலைக்குப் போகிறவள், ரமணரிடம் கேள்விகள் கேட்ட மாரிஸ் ஃப்ரிட்மனைத் தெரிந்திருக்கும். வார்சாவில் பிறந்தவர். அவரோடு சேர்ந்து 1944இல் மதராசில் போலந்து-இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கிய உமாதேவியின் சொந்தப் பெயர் வாண்டா டினோவ்ஸ்கா. அந்த 'ஸ்கா'வை நம் ஊரில் யார் கவனித்திருப்பார்கள்!

நம் பாடு இன்னும் வேடிக்கை. இங்கே குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பம் போட்டபோது 'நாஸ்விஸ்கோ', அதாவது குடும்பப் பெயர், என்ற கட்டத்தில் அப்பா பெயரைத்தான் எழுதினேன், என் இனிஷியல் அதுதானே. இப்போது ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் என்னை 'பானி ராமசாமி' என்று கூப்பிடுகிறார்கள். பானி என்றால் நம் 'அம்மா' மாதிரி மரியாதைச் சொல். அப்பா கேட்டிருந்தால் சிரித்தே விழுந்திருப்பார். இவர்களின் 'ஓவிச்', 'எவிச்' பெயர்களும் முதலில் அப்பா பெயர்தான், தலைமுறைக்குத் தலைமுறை மாறியவை. ஏதோ ஒரு பாட்டன் காலத்தில் உறைந்து நின்றுவிட்டன. என் மகளுக்கு என்ன பெயர் உறையப் போகிறது என்று வீட்டில் இன்னும் தீரவில்லை. என் வீட்டுக்காரர் தன் பெயர் என்கிறார், நான் ஊர்ப் பெயரையே போட்டுவிடலாம் என்கிறேன்.

மேல்வீட்டு அம்மாள் இப்போது சமாதானமாகி, நோவாக்கின் முந்தைய ஊரைத் தேடுகிறார். பக்கத்துப் பங்குச் சாமியார் சனிக்கிழமை காலை பழைய ஏட்டைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாராம், வண்டி ஓட்டப் போவது நான். லத்தீன் படிக்க ஒரு மாணவனையும் பிடித்து வைத்திருக்கிறார். ஏதாவது கிடைத்தால் எழுதுகிறேன். அண்ணனிடம் மாவடு கொடுத்தனுப்பும்போது இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டு, போன தடவை பெட்டியெல்லாம் ஊறிவிட்டது.

அன்புடன்,
கல்யாணி