இல்லை எண்டு போடுங்கோ

மச்சாள்,

வற்றாப்பளைப் பொங்கலன்று உம்மைக் கண்டேன். நீரும் என்னைக் கண்டீர், இல்லை என்று சொல்ல வேண்டாம். கச்சான் கடைக்கு முன்னால் பிள்ளை உம்முடைய கையை இழுத்துக்கொண்டு நின்றாள். நீர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினீர். எனக்குப் பின்னால் அம்மா வந்துகொண்டிருந்தா, அதனால் நானும் கூப்பிடவில்லை. உப்புத் தண்ணீரில் எரிகிற விளக்கைப் பார்க்க வந்த சனம் நடுவில் நிறைந்து நின்றது நல்லதாய்ப் போய்விட்டது.

வட்ஸ்அப்பில் எழுதினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போனும் எடுக்க மாட்டீர். ஆனால் நான் இங்கே எழுதுவதை வாசிக்கிறீர் என்று ஒருவர் சொன்னார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆவணி வந்தால் பிள்ளைக்கு ஏழு வயது. இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற எங்கள் வேலைக்குப் புதிதாக எடுத்த பதினொரு பெண்பிள்ளைகளுக்கு, தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற அந்தப் பத்துக் கேள்வியையும் பழக்கிவிடச் சொல்லி என்னைக் கேட்டார்கள். இரண்டு தரம் மாட்டேன் என்றேன். மூன்றாம் தரம் ஓம் என்றுவிட்டேன். அவர்களுக்கு முன்னால் போய் நிற்க முதல் உம்மோடு கதைக்க வேண்டும்.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். ஆகையால் ஊர்ப் பெயர் எழுதவில்லை. தம்பியைப் பற்றி, அதுதான் உம்முடைய புருஷனைப் பற்றி, ஒரு வரியும் எழுதப் போவதில்லை; அவனும் வாசிப்பான். கார்த்திகையில் நடந்தது உம்முடையது, அதையும் தொடமாட்டேன். ஆர் இந்த மச்சாள் என்று தேடப் போகிறவர்கள் தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.

எனக்கு ஒரு பின்னேரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

பிள்ளைக்கு அப்போது ஆறு கிழமை. இந்திய அரசாங்கம் கொடுத்த ஐந்தரை இலட்சத்தோடு எழும்பி நின்றுபோன எங்கள் இந்தியன் வீட்டுக் குசினி. சுவருக்குப் பூச்சு இல்லை. யன்னலுக்குக் கதவு போடக் காசு காணாமல் உரப்பையை வெட்டி அடித்திருந்தோம். உரப்பைக்கு அந்தப் பக்கம் திண்ணையில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நீர் பிளாஸ்டிக் கதிரையில், பிள்ளை மடியில். அவளுடைய சட்டையின் கீழ்மடிப்பில் ஒரு நூல் கழன்றிருந்தது. நீர் அதை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தீர்.

நான் படிவத்தை எடுத்து, "கடந்த ஏழு நாட்களில் நீங்கள்..." என்று தொடங்கினேன். நீர் சிரித்துவிட்டீர்.

"ஆரைக் கேக்கிறியள் மச்சாள்?"

மூன்று வருஷமாக உம்மை 'நீர்' என்று கூப்பிட்ட வாய், தாளைக் கண்டதும் 'நீங்கள்' என்றது. அந்த இடத்திலேயே தாளை மடித்துப் பையில் வைத்திருக்க வேண்டும். முதல் கேள்வியே சிரிப்பைப் பற்றியதுதான்: முந்திப் போல இப்போதும் உங்களால் சிரிக்க முடிகிறதா? இப்போதுதானே சிரித்தீர் என்று சைபர் போட்டேன். 1987இல் எடின்பரோவில் அந்தக் கேள்விகளைச் செய்தவர்கள் இப்படி ஒரு மொக்கு வேலையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சுளகுச் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நித்திரையைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் மெதுவானது. அழுகையைப் பற்றிக் கேட்டபோது இன்னும் மெதுவானது. பத்தாவது, தனக்குத் தானே தீங்கு செய்கிற எண்ணம் வந்ததா என்பது. நான் வாசித்து முடிக்கவும் சுளகு நின்றது.

நீர் உரப்பையைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர்.

"இல்லை எண்டு போடுங்கோ மச்சாள்."

'இல்லை' என்று நீர் சொல்லவில்லை. 'இல்லை எண்டு போடுங்கோ' என்றீர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை நான். பத்து நாள் பயிற்சியில் பாதி அதைக் கண்டுபிடிக்கத்தான். சைபர் போட்டேன். கூட்டினால் ஏழு வந்தது. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். கடைசிக் கேள்வியில் ஒரு புள்ளி விழுந்தால், கூட்டுத்தொகை எதுவாக இருந்தாலும், அன்றைக்கே எழுத வேண்டும். நான் கையெழுத்து வைக்கும்போது உம்முடைய கையில் நூல் அறுந்தது. திண்ணையில் சுளகு திரும்பத் தொடங்கியது.

மன்னித்துவிடும். இந்தச் சொல்லை ஏழு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உமக்குத் தெரியும்தானே. மருத்துவமாது வருவா. பிறகு கிளிநொச்சி ஆசுபத்திரி, மனநலக் கிளினிக் வாங்கு. அந்த வாங்கில் உம்மை ஒரு ஆள் கண்டால் போதும், நீர் பஸ் ஏறி வீட்டுக்கு வர முதல் கதை வந்து சேர்ந்துவிடும். எங்கள் சனத்திடம் அதற்கு 'விசர்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் தலையிடி, நெஞ்சு படபடப்பு, சரியான யோசனை. உமக்கு அந்தப் பெயர் வரக்கூடாது என்று நினைத்தேன்.

பொய். எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். விடிந்தால் ஊரெல்லாம் போய் "மனம் விட்டுக் கதையுங்கோ அம்மா" என்று சொல்கிற எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்களைப் பழக்கிய டொக்டர் முதல் நாள் பலகையில் 53, 23 என்று இரண்டு எண்களை எழுதினார். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பழக்கிச் செய்துபார்த்த ஆய்வு, 2008இல் வெளிவந்தது. எல்லாருமே கர்ப்பமாக இருந்தபோதே மனச்சோர்வில் இருந்த தாய்மார். வழக்கம் போலப் பணிப்பெண்கள் வந்துபோன வீடுகளில், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோதும் 53 வீதமான தாய்மார் மனச்சோர்வில் இருந்தார்கள். பழகியவர்கள் வந்து கதைத்த வீடுகளில் 23 வீதம். அந்தப் பெண்கள் ஒருவரும் மனநல வைத்தியர் இல்லை. 'நோய்' என்றும் அவர்கள் உள்ளே போகவில்லை, பிள்ளையின் வளர்ச்சி என்று சொல்லிப் போனார்கள். அதற்குப் படலை திறக்காத மாமியார் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் அதைக் கைநூலாகவே போட்டது.

அந்த முறையில் மாமியையும் புருஷனையும் கூட்டி வைத்துக் கதைப்பார்கள். தாயின் உடல்நலம், தாயும் பிள்ளையும், பிறகு தாயும் சுற்றி இருக்கிற ஆட்களும் என்று மூன்று பக்கம் பார்ப்பார்கள். இதெல்லாம் என்னுடைய கொப்பியில் அழகான எழுத்தில் இருந்தது. கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு நான் மாமியை உரப்பைக்கு அந்தப் பக்கம் இருத்தினேன்.

இதை வைத்து அம்மாவைக் குற்றம் சொல்ல விடமாட்டேன். முப்பத்தொரு நாளும் விடிய நாலு மணிக்கு எழும்பி மல்லி, மிளகு, சீரகம், உள்ளி என்று உமக்குச் சரக்கு அரைத்தது ஆர்? நீர் பாதியில் வைத்துவிட்டுப் போன கோப்பையைப் பார்த்து ஒரு சொல் சொன்னாவா? சொன்னா, சரி, சொன்னா. "நாங்கள் பங்கருக்குள்ள பெத்தனாங்கள். எங்களுக்கு ஆர் தாள் நிரப்பினது?" நீர் கிணற்றடியில் நின்றீர், கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னா. ஆனால் அதில் பொய் இல்லை மச்சாள். யுத்தம் முடிகிற நேரம் வட்டுவாகல் பாலம் தாண்டும்போது அப்பா எங்களோடு இல்லை. செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே அம்மா ஒரு வருஷம் படுத்திருந்தா. அவவுக்கு அந்தப் பத்துக் கேள்வியையும் வைத்தால் எத்தனை வரும்? ஒருதரும் வைக்கவில்லை. மகள் இந்த வேலைக்குப் போய் இத்தனை வருஷம், நானும் வைக்கவில்லை.

உம்மிலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பிள்ளையின் பீத்துணி தோய்த்தது நான். இரவு ஒரு மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தது நான். எனக்கு 'போடுங்கோ' என்றவர், உம்முடைய அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்குள் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னீர். அந்த அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டா. நீரேதான் போனில் என்மேல் எறிந்தீர்: "அவ கேட்டா, நான் சொன்னன். நீங்கள் தாளையெல்லோ பாத்துக்கொண்டிருந்தியள்."

அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு எரிச்சல். அவவும் என்னைப் போல கொடுப்பனவுக்கு வேலை செய்கிறவதான். என்ன செய்தா? கிழமைக்கு ஒருக்கால் வந்தா. பின்னேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் உம்மோடு நடந்தா. முதல் கிழமை படலை மட்டும், அடுத்த கிழமை சந்தி மட்டும், பிறகு கட்டு மட்டும். கிளினிக்குக்குக் கூடவே வந்து வாங்கில் பக்கத்தில் இருந்தா. பால் கொடுக்கும்போது குளிசை போடக்கூடாது என்று எங்கள் வீட்டில் சொன்னதை நம்பி நீர் பயந்தபோது, செர்ட்ராலின் பாலில் போவது மிகக் குறைவு என்று வைத்தியரைக் கொண்டே சொல்ல வைத்தா. அவ செய்தது ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த வேலைதான்.

எல்லாவற்றையும் என் தலையிலும் போட மாட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் லோன் பொடியன் படலையில் வந்து நின்றானே, அவனை எந்தக் கேள்வியில் போடுவது? அந்த வருஷம்தான் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. உம்முடையது அதற்கு மேல். பெயர் உம்முடையது, காசு போனது... அதை விடுவம். வாயால் கதைத்து லோன் குறையுமா என்று பயிற்சியில் கேட்டேன். குறையாது என்று டொக்டரே சொன்னார். கதைத்தால், நாளைக்கு ஆரிடம் போய்க் கேட்பது என்று யோசிக்கிற அளவுக்குத் தலை தெளியலாம், அவ்வளவுதான் என்றார்.

நீர் போன மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்து எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம். குசினிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். படிவக் கோப்பைப் பரணில் ஏற்றினேன், நனையவில்லை. நனைந்திருந்தால் நல்லது.

சரி, அந்தப் பதினொரு பேருக்கும் என்ன சொல்லப் போகிறேன்? சொந்தக்கார வீட்டுக்குத் தாள் கொண்டு போகாதேயுங்கோ, மற்றவளை அனுப்புங்கோ. குசினிக்குள் வைத்துக் கேட்காதேயுங்கோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கோ வேலிக்கரைக்கோ நடவுங்கோ. பிள்ளை பிறந்து முதல் கொஞ்ச நாள் அழுகை கனபேருக்கு வரும், தன்பாட்டில் போகும். இரண்டு கிழமை கடந்தும் நின்றால் சும்மா விடாதேயுங்கோ. சுளகு நின்றால் நீங்களும் நிற்பாட்டுங்கோ.

இதை வாசிக்கிற வேறு ஆருக்காவது அந்தப் பத்தாவது கேள்வி பட்டால், 1926க்கு அடியுங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

உம்முடைய கதையை அவர்களுக்குச் சொல்லலாமோ என்று கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க முதல் ஊருக்கே சொல்லிவிட்டேன். பார்த்தீரா, திரும்பவும் உம்மைக் கேட்காமல் நானே போட்டுவிட்டேன். வேண்டாம் என்றால் ஒரு சொல் அனுப்பும், அழித்துவிடுகிறேன். அனுப்பாவிட்டாலும்... தெரியாது. அனுப்பும்.

பொங்கல் முடிந்து வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டா, "பிள்ளை எவ்வளவு உயரம்?" அவவும் உங்களைக் கண்டிருக்கிறா. நான் என் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். அடுத்த நாள் சந்தைக்குப் போய் மஞ்சள் துணி எடுத்து வந்தா. தையல் மெஷின் சத்தம் மூன்று நாள் கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

ஆவணியில் மாங்குளத்தில் இறங்கி மற்ற பஸ் எடுத்து வருவேன். நான் மட்டும்தான் வருவேன். படலையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாலும் சரி. அளவு சரியோ தெரியாது, தூரத்தில் நின்று பார்த்ததுதானே. குட்டையாக இருந்தால் கீழ்மடிப்பை அவிழ்த்துவிடும். அம்மா நாலு விரல் உள்ளே விட்டுத்தான் தைத்திருக்கிறா.

உம்முடைய
மச்சாள்