வரத்துக்காலைத் திறக்காமல் ஊருணியைத் தோண்டாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என்று செட்டிநாட்டு மன்றங்களில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

தூர்வாரும் மதிப்பீடு அடுத்த முறை உங்கள் மேசைக்கு வரும்போது, ஒப்புதல் தருமுன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த ஊருணிக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்? பல மதிப்பீடுகளில் பொக்லைன் வாடகை இருக்கும், கம்பி வேலி இருக்கும், நடைபாதையும் பெஞ்சும் இருக்கும். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 60 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலமுள்ள ஊருணியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 36 லட்சம் லிட்டர் வேண்டும். 5 செ.மீ. மழையில் ஊருணிக்குள் நேராக விழுவது 1 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர்தான். அதே மழை சுற்றியுள்ள நான்கு ஹெக்டேர் தெருக்களிலும் கூரைகளிலும் கொட்டுவது 20 லட்சம் லிட்டர். அதில் பாதித் தண்ணீர் வழியிலேயே போய்விட்டாலும் 10 லட்சம் வந்து சேரும். வீட்டு உள்முற்றமான வளவில் விழுந்த தண்ணீரைத் தெருக் கால்வாயில் விட்டு, தெருவை ஊருணிப் பக்கம் சரித்துக் கட்டியவர்கள் இந்தக் கணக்கை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

வரத்து பெரும்பாலும் இரண்டு இடங்களில் அடைபடுகிறது. ஒன்று, தெருவுக்கு அடியில் குழாய் பதித்துக் கட்டும் சிறுபாலம். குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட 15 செ.மீ. உயர்ந்துவிட்டால் போதும், தண்ணீர் பின்னுக்குத் தேங்கித் திண்ணைப் பக்கம் திரும்பும். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்தால், 100 மீட்டரில் கிடைப்பதே 50 செ.மீ. இறக்கம். இதில் 15 போனால் என்ன மிஞ்சும்? மட்டக்கருவி வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை, வைத்து ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம்.

மற்றொன்று சாலை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடப் போட, தெரு ஒவ்வொரு முறையும் நாலைந்து செ.மீ. உயர்கிறது, கால்வாய் வாய் பள்ளத்தில் புதைகிறது. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அதை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் எழுதாவிட்டால் எந்த ஒப்பந்தக்காரரும் தானாகச் செய்யப்போவதில்லை.

வரத்துக்காலைத் திறந்தால் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வந்துவிடுமே என்கிறார்கள். நியாயமான பயம்தான். அதற்காக வாயை அடைப்பது, மூக்கில் சளி என்று மூச்சை நிறுத்துவதுபோல. மழையே இல்லாத ஒரு வாரம் கழித்து, அதிகாலையிலும் காலை எட்டு மணிக்கும் கால்வாயைப் பாருங்கள். அப்போது ஓடுவதில் ஒரு சொட்டும் மழைநீர் இல்லை. ஈரத்தைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தால், எந்தக் கழிவுநீர்த் தொட்டியின் குழாய், எந்த உணவகத்தின் அடுப்படிக் கழிவு என்று தெரிந்துவிடும். அவற்றைத் துண்டித்து வேறு வழி காட்டிய பிறகுதான் ஊருணி வாயைத் திறக்க வேண்டும்.

வாயருகே ஒரு வண்டல் தொட்டி தேவை. நீளமும் அகலமும் ஒன்றரை மீட்டர், தரை கால்வாயைவிட அரை மீட்டராவது தாழ்வாக. அதற்கு முன்னால் 5 செ.மீ. இடைவெளியில் சாய்வான கம்பிகள். நேராக நட்டால் பாலித்தீன் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். சாய்ந்திருந்தால் வாரியால் மேலே இழுத்துவிடலாம். முதல் மழையின் அழுக்கை வெளியே திருப்ப ஒரு பலகை மடை இருந்தால் நல்லது.

இனி தோண்டுவது. நம் பக்கம் அடியில் செம்புறாங்கல். காலங்காலமாகப் படிந்த களிமண்தான் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆழம் கூடினால் கொள்ளளவு கூடும் என்று களியையும் வெட்டி எடுத்துவிட்டால், தை மாதத்திலேயே ஊருணி காய்ந்துவிடும். நான்கைந்து இடங்களில் சோதனைக் குழி வெட்டி, வண்டல் எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த மட்டத்தோடு நிறுத்துங்கள். படித்துறையையும் கரைச்சுவரையும் ஒட்டி இரண்டு மூன்று மீட்டரைத் தொடாமல் விடுங்கள்; அடி மண்ணை எடுத்தால் கல் சரியும். தரைக்குக் கான்கிரீட் போடும் யோசனை வந்தால், தயவுசெய்து அந்தக் கோப்பை அப்படியே மூடிவிடுங்கள். சாக்கடை கலந்த வண்டலை வயலுக்குக் கொடுக்க வேண்டாம்.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். தண்ணீர் நிற்கும்போது முன்மட்டம், அதாவது தோண்டுமுன் உள்ள தரைமட்டம், எடுத்ததாக அளவுப் புத்தகத்தில் எழுதினால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. ஊருணி காய்ந்திருக்கும்போதே எடுங்கள். தோண்டும்போது அங்கங்கே ஒரு மண்திட்டைச் சாட்சிக்கு விட்டுவைத்தால், நாடா வைத்திருக்கும் எவரும் ஆழத்தை அளக்கலாம். ஒப்பந்தக்காரரின் பில் பாஸான பிறகு திட்டை எடுத்துக்கொள்ளலாம்.

கால்வாய் வேலை ஆடிக்குள், தோண்டல் ஆவணிக்குள் முடிய வேண்டும். புரட்டாசியில் இறங்கும் இயந்திரம் சேற்றைத்தான் கலக்கும். ஊருணி நிரம்பினால் நீர் வெளியேறும் கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் அடுத்த ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, பெரிய செலவில்லாத ஒரு வேலை. படித்துறைச் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடாக வெள்ளை பெயின்டால் அளவு வரையச் சொல்லுங்கள். ஐப்பசி மழை கொட்டிய மறுநாள் காலை எத்தனை கோடு ஏறியிருக்கிறது என்பதை வார்டுக்காரர்கள் வந்து எண்ணிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வீட்டு வரியும் தண்ணீர் வரியும் கட்டும் ஊர்க்காரர்கள்