கதவை ஒருக்களித்து வை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

அம்மா நலம். பயந்துவிடாதே. போன செவ்வாய்க்கிழமை நான் ஜெலுத்தோங் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குளியலறையில் மாட்டிக்கொண்டாள். 40 நிமிடம். கதவுக் குமிழ் சுற்றுகிறது, கதவு திறக்கவில்லை. பூட்டு நாக்கின் சரிவான பக்கம் வெளியே பார்த்திருந்ததால் பிழைத்தோம். இடுக்கில் பிளாஸ்டிக் அட்டையைச் சொருகித் தள்ளினேன். வெளியே வந்தவள் முதலில் கேட்டது, "தம்பி அங்கே தனியா இருக்கானே" என்றுதான்.

வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. சரி, வேலை இருக்கும். அதனால் எழுதுகிறேன். குளியலறைக் கதவை முழுதாகச் சாத்தாதே, ஒருக்களித்து வை. போனை உள்ளே கொண்டு போ.

பழைய பூட்டைக் கழற்றிப் பார்த்தேன். குமிழின் கழுத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஆணியால் அழுத்தினால் குமிழ் கையோடு வந்துவிடும். குமிழைத் திருப்பும்போது உள்ளே தண்டு சுழன்று, நாக்கின் வாலைப் பிடித்து இழுக்கிறது. கையை விட்டால் ஸ்பிரிங் நாக்கை வெளியே தள்ளிவிடும். நம் வீட்டில் அந்த வால் கடல் காற்றில் துருப்பிடித்து ஒடிந்திருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது, தம்பி.

உன் வீட்டுக் குமிழ் லொடலொடவென்று ஆடினாலோ, விட்டதும் தானாகத் திரும்பாவிட்டாலோ மாற்றிவிடு. எண்ணெய் விடாதே, தூசி ஒட்டும். பென்சில் கரித்தூள் போடு. கதவு விளிம்பிலிருந்து குமிழ் மாட்டும் ஓட்டையின் நடுவரை அளந்து கொண்டு கடைக்குப் போ, 60 மில்லிமீட்டரும் உண்டு, 70-ம் உண்டு. இரண்டு டிகிரி வாங்கியவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வர மட்டும் உனக்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா உனக்கும் சேர்த்துப் பால்குடம் எடுத்தாள். குளியலறைக் கதவை ஒருக்களித்தே வை.

கடையில் இரண்டு குமிழ் வாங்கினேன். இன்னொன்று உன் அறைக்கு.

எஸ்பிஎம் பரீட்சை வருஷம் உன் அறைக் குமிழைக் கழற்றியது நான்தான். உள்ளே பூட்டிக்கொண்டு போன் பார்க்கிறாய் என்று நினைத்தேன். 54 மில்லிமீட்டர் ஓட்டை. நீ ஒரு பழைய டி-சட்டையைச் சுருட்டி அதில் அடைத்து வைத்தாய். ஒரு ராத்திரி அதை உருவிவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தேன். கணக்குப் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய், விளக்குகூட அணைக்கவில்லை. அப்போதே மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. ரிசல்ட் வந்ததும், என் கண்டிப்பால்தான் இவ்வளவு ஏ வந்தது என்று பெரியப்பா வீடு வரைக்கும் போய்ச் சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். நான் செய்தது தப்பு. இத்தனை வருஷம் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் நடந்தேன், அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று மாட்டிவிட்டேன். அக்கா மகனை உள்ளே நிற்கவைத்துப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். வெளியே நின்று நான் திருப்பிப் பார்த்தேன். திறக்கவில்லை.

அப்பா