அடுப்பை அணைத்தோமா? துப்பறியும் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

துப்பறியும் தொடர்களை எழுதுகிறவர்களுக்கும், எதை எடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்று சேனல்களில் முடிவு செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

விசித்திரமான பழக்கங்கள் உள்ள துப்பறிவாளர்களை எங்கே பார்த்தாலும் விடாமல் பார்க்கிறவள் நான். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இரண்டுமே புரியாது.

அம்மா வெளியே கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரை மூன்று முறை தொட்டுப் பார்ப்பாள். கதவைப் பூட்டித் தெருமுனை வரை வந்த பிறகு, இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போவாள். பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவுவாள். பஸ்ஸில் போய் வந்த புடவையோடு வீட்டுக்குள் வரமாட்டாள், கொல்லைப்புறம் சுற்றிப்போய் மாற்றிக்கொண்டுதான் வருவாள். கை கழுவக் குழாயடியில் நின்றால் அரைமணி நேரம். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். அதில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்வாள், எண்ணெய் பிசுபிசுக்கிறது என்று மறுபடி போய்க் கழுவுவாள். "உங்கம்மா சுத்தம் யாருக்கு வரும்!" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். பாட்டி அதற்கு மடி, ஆச்சாரம் என்று பெயர் வைத்திருந்தாள். அப்பா சில நாள் கத்துவார், சில நாள் ஒன்றும் பேசாமல் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். இதற்கு ஒரு வியாதிப் பெயர் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் ஒரு நாள் 'மங்க்' தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். 2002-இல் அமெரிக்காவின் யூஎஸ்ஏ நெட்வொர்க்கில் தொடங்கி 2009 வரை எட்டு சீசன்கள், 125 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. நான் பார்த்தது அது முடிந்து வெகுநாள் கழித்து. கதை நடப்பது சான் ஃபிரான்சிஸ்கோ. ஒரு பெண் கொலையாகிக் கிடக்கிறாள், சுற்றிலும் போலீஸ்காரர்கள். நடுவில் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்ட ஒரு மனிதர் நிற்கிறார், அவர்தான் துப்பறிவாளர் மங்க். கொலைகாரனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே வருகிறார், ஆனால் அவர் மனமெல்லாம் வேறு எங்கோ இருக்கிறது. வீட்டில் அடுப்பை அணைத்தேனா, இல்லையா?

அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். முதலிலிருந்து போட்டு, வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுப்பு வந்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவனுக்கும் இருக்கா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நன்றி. அதுவரை அது அவளுடைய குணம், அவளுடைய பிடிவாதம், அவளால் வீட்டுக்கு வந்த தொல்லை. அன்று ராத்திரிதான் அது இன்னொருவருக்கும் வரக்கூடிய ஒன்று ஆயிற்று. ஓசிடி, வேண்டாத பயம் விடாமல் வந்து ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வியாதி. அந்தச் சொல்லை அவளிடம் நான் முதன்முதலாகச் சொன்னதும் அன்றுதான். மனநல மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போக அதற்கப்புறமும் ஒன்றரை வருடம் ஆனது என்பது வேறு கதை.

மங்க் ஏன் அம்மாவுக்குப் பிடித்தார் என்று பிறகு யோசித்திருக்கிறேன். மங்க்காக நடித்த டோனி ஷலூப் அந்தப் பாத்திரத்தைச் சிரிப்புக்காக நடிக்கவில்லை. சிரிப்பு வருகிறது, நிறைய வருகிறது, ஆனால் அந்த முகத்தில் எப்போதும் ஒரு களைப்பு இருக்கும். தெருவில் போகும்போது கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவார். ஒன்று விட்டுப்போனால் திரும்பி வருவார். அப்படித் திரும்பி வரும்போது அவருக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஓசிடி உள்ளவர் வீட்டில் இருந்து பாருங்கள், இது எவ்வளவு சரி என்று புரியும். கழுவுவதில் அம்மாவுக்கு ஒரு நாளும் திருப்தி வந்ததில்லை. கழுவாவிட்டால் வரும் பயம் கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மறுபடி மறுபடி குழாயடிக்குப் போவாள். இந்த நடிப்புக்கு ஷலூப் மூன்று முறை அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். முப்பது கொடுத்திருந்தாலும் நான் மறுத்திருக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மங்க்கின் வியாதியும் அவர் துப்பறியும் முறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கொலை நடந்த அறைக்குள் கைகளைப் படச்சட்டம் போல முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். எது கோணலாக இருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பார். கோணலான படத்தை நேராக்காமல் இருக்க முடியாத மனிதருக்கு, அது ஏன் கோணலானது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. பின்னால் வந்த பல தொடர்களில் இதைக் காணோம். துப்பறிவாளருக்கு ஏதாவது ஒரு விநோதப் பழக்கத்தை மாட்டிவிடுகிறீர்கள். அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டாலும் வழக்கு அதேபோலத்தான் முடியும். அப்படியானால் அது எதற்கு?

இதில் எனக்கு வாத்தியார் 'கொலம்போ' தொடரின் போலீஸ் துப்பறிவாளர் லெஃப்டினன்ட் கொலம்போதான். ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் படைத்த பாத்திரம். 1968-இல் வந்த முதல் தொலைக்காட்சிப் படத்திலிருந்து 2003 வரை நடிகர் பீட்டர் ஃபால்க் அந்தக் கசங்கிய மழைக்கோட்டோடு 69 கதைகளில் வந்தார். கோட்டு அவர் சொந்தமாக வாங்கியது. மூன்று வயதில் புற்றுநோயால் வலது கண்ணை இழந்தவர், அந்தப் பார்வையையும் பாத்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். யார் கொலைகாரர் என்பது நமக்கு முதலிலேயே தெரிந்துவிடும். அவர்கள் லாஸ் ஏஞ்சலீஸின் பெரிய வீடுகளில் இருக்கும் மருத்துவர்கள், எழுத்தாளர்கள், நடிகர்கள். ஓட்டைப் பெஜோ காரில் வந்து இறங்கி, பென்சிலைத் தேடிக்கொண்டு, மனைவியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டு நிற்கும் இந்த ஆளை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால் தாராளமாகப் பேசுகிறார்கள், பேசிப் பேசி மாட்டிக்கொள்கிறார்கள். மழைக்கோட்டைக் கழற்றிவிட்டால் கொலம்போவால் ஒரு வழக்கையும் முடிக்க முடியாது என்பது என் எண்ணம்.

வாசல் வரை போய்த் திரும்பி வந்து "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பாரே, அது எப்படி வந்தது என்று லிங்க் சொல்லியிருக்கிறார். எழுதி முடித்த ஒரு காட்சி சின்னதாகப் போய்விட்டது. முழுவதையும் திரும்ப டைப் அடிக்கச் சோம்பல் பட்டு, வெளியே போனவரைத் திரும்ப உள்ளே வரவைத்து இன்னொரு கேள்வி கேட்கவைத்தார்கள். அவசரத்தில் வந்ததுதான். ஆனால் இந்த ஆள் இப்படித்தான் செய்வான் என்று கண்டுகொண்டு, அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன்.

'மங்க்' மூன்றாவது சீசனில், 2004-இல், ஓர் அத்தியாயம் வந்தது. தன்னால் போலீஸ் கேப்டனுக்கு உதவ முடியவில்லையே என்று நொந்து மங்க் மாத்திரை சாப்பிட ஒத்துக்கொள்கிறார். பயமெல்லாம் போய்விடுகிறது. கூடவே துப்பறியும் திறமையும் போய்விடுகிறது. கண்முன்னால் இருக்கும் தடயம்கூட அவருக்குத் தெரிவதில்லை. பொறுப்பில்லாமல் ஊர் சுற்றும் வேறு யாரோ ஆகிவிடுகிறார். கடைசியில் மாத்திரையை நிறுத்துகிறார், பழைய மங்க் திரும்புகிறார், நமக்கும் அப்பாடா என்று இருக்கிறது.

அந்த "அப்பாடா"தான் என்னை வருத்தியது. மாத்திரை சாப்பிட்டால் மந்தமாகிவிடுவாய், நீ நீயாக இருக்கமாட்டாய் என்ற பேச்சு எங்கள் ஊரில் ஏற்கெனவே உண்டு. அதை யாரும் தொடர் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு முதல் மாத்திரைச் சீட்டு எழுதித் தந்த அன்றைக்கே ஒரு அத்தை வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். நாலு மாதம் அங்கேயே இருந்தது. அந்த அத்தியாயத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். அம்மாவுக்குக் காட்டவில்லை.

பிறகு அவள் சாப்பிட ஆரம்பித்தாள். கூடவே பயிற்சியும் இருந்தது. பால் பாக்கெட்டைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல், முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து, அப்புறம் அரைமணி என்று அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். கழுவாமலே இறங்குகிறது என்று உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். ஓசிடிக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியும் மாத்திரையும்தான். முதல் நாள் அம்மா அந்த ஐந்து நிமிடமும் அழுதாள். எந்தத் துப்பறியும் கதையிலும் அவ்வளவு பரபரப்பான ஐந்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் ஏன் இதை எழுதுவதில்லை?

மாத்திரை அவளை மாற்றவில்லை. சொல்லப்போனால் கண் இன்னும் கூர்மையாயிற்று. மளிகைக்கடை பில்லில் எட்டு ரூபாய் கூடுதல் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறாள். முன்பெல்லாம் பில்லைக் கையால் தொடவே மாட்டாள்.

உங்களில் சிலருக்கு இது புரிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய ஸ்வீடிஷ், டேனிஷ் தொடர் 'தி பிரிட்ஜ்'. இரண்டு நாடுகளையும் இணைக்கும் பாலத்தில் சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஒரு உடல் கிடக்கிறது. விசாரிக்க வரும் மால்மோ போலீஸ்காரி சாகா நோரேனுக்கு மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது, பிறர் முகக்குறிப்பும் புரியாது. அவளுக்கு இன்ன நிலை என்று தொடர் ஒரு பெயரும் வைக்கவில்லை. கூட வேலை செய்யும் மார்ட்டின் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறான், நாமும் பழகிக்கொள்கிறோம். அதே சமயத்தில் வேறு பல தொடர்களில், மூளைக்காரன் என்றால் எல்லோரையும் அவமானப்படுத்தலாம் என்று ஒரு வழக்கம் கிளம்பியது. சாகா யாரையும் அவமானப்படுத்துவதில்லை. தவறாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். என் அம்மாவும் அப்படித்தான். "அவங்க வீட்ல காபி குடிக்காம வந்தது தப்பா?" என்று ராத்திரியெல்லாம் கேட்டிருக்கிறாள்.

சேனல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'மர்டர், ஷி ரோட்' தொடரில் நடிகை ஏஞ்சலா லேன்ஸ்பரி 1984-இல் கொலைகளைத் துப்பறியும் ஜெசிக்கா ஃப்ளெட்சராக வந்தபோது அவருக்கு வயது 58. மெய்ன் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரில் இருக்கும் விதவை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. துப்பாக்கி கிடையாது, பேட்ஜ் கிடையாது, ஏன், கார் ஓட்டக்கூடத் தெரியாது. பன்னிரண்டு வருடம், 264 அத்தியாயங்கள். வாய்ப்பில்லாமல் இருந்த பழைய ஹாலிவுட் நடிகர்களைத் தேடிப்பிடித்து வேடம் கொடுத்தார் லேன்ஸ்பரி, அவர்களுடைய சங்கக் காப்பீடும் ஓய்வூதியமும் நின்றுவிடக் கூடாது என்று. பார்வையாளர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். 1995-இல் அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் சேனல் ஞாயிறு இரவிலிருந்து எடுத்து, வியாழக்கிழமை பெரிய வெற்றி பெற்ற நகைச்சுவைத் தொடர் 'ஃப்ரெண்ட்ஸ்' ஓடும் நேரத்துக்கு எதிரே போட்டது. அடுத்த மே மாதம் தொடர் முடிந்தது. கடைசி அத்தியாயத்துக்கு அதை எழுதியவர்கள் வைத்த தலைப்பின் பொருள், வயதுக் கணக்கால் வந்த மரணம்.

அந்தப் பார்வையாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து டிவி முன் உட்கார்ந்த ஏதோ ஒரு பாட்டி, தன்னைப் போல ஒருத்தியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரக் கணக்கில் அவள் வரமாட்டாள். எங்கள் அம்மாவும் வரமாட்டாள். அவளுக்கு இப்போது 66 வயது. உங்கள் தொடர்களை என்னைவிட அதிகம் பார்ப்பவள் அவள்தான், சப்டைட்டில் இருந்தால் நான்கூட வேண்டாம்.

2023-இல் மங்க் ஒரு படமாகத் திரும்பி வந்தார். கொரோனா காலம் அவரை எவ்வளவு பின்னுக்குத் தள்ளியிருக்கிறது, உயிரோடு இருக்க வேண்டுமா என்று யோசிக்கும் அளவுக்கு எப்படி வந்துவிட்டார் என்று மறைக்காமல் காட்டினார்கள். ஊரே கை கழுவிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஓசிடி உள்ளவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதைத் தொட்டதற்கும் நன்றி.

இனி என் வேண்டுகோள். அந்த 2004 அத்தியாயத்தின் கதையை யாராவது மறுபடி எழுதுங்கள். வேறு பாத்திரமாக இருக்கட்டும், வேறு ஊராக இருக்கட்டும், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் மாத்திரை சாப்பிடட்டும். கொலை நடந்த வீட்டின் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு, கழுவாமல் ஐந்து நிமிடம் நிற்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தை வெட்டாமல் காட்டுங்கள். அது முடிந்ததும் அறையைச் சுற்றிப் பார்க்கட்டும், எல்லோரும் தவறவிட்ட ஒன்று அவள் கண்ணில் படட்டும். யார் செய்தது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அப்படி ஒன்று வந்தால் எனக்குத் தெரிகிற மாதிரிச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தை அம்மாவோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்