காளானுக்கு வெள்ளிக்காசு சோதனை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களிலும் மேலூர்ப் பக்கத்துப் புஞ்சைகளிலும் கறையான் புற்றையொட்டிக் காளான் முளைக்கும் நாள் இது. கூடவே பழைய யோசனையும் கிளம்பும்: வேகும்போது வெள்ளிக்காசோ பூண்டோ போடு, கறுத்தால் விஷம் என்று. இதை நம்பக் கூடாது. உயிரைக் குடிக்கும் காளான்களில் உள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு எதையும் கறுக்க வைக்காது. கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. பூச்சி அரித்திருப்பதும் நல்ல காளான் என்பதற்கு அத்தாட்சி இல்லை.

பார்க்க வேண்டியது அடித்தண்டை. புற்றுக்காளானின் தண்டு வேர்போல மெலிந்து மண்ணுக்குள் நீளமாக இறங்கும். குடையின் உச்சி கூராக இருக்கும். கொடிய வகைகள் பலவற்றில் தண்டின் அடி பருத்து, அதைச் சுற்றி ஒரு பை இருக்கும். அந்தப் பை மண்ணுக்குள் புதைந்திருப்பதால், தரையோடு ஒடிக்காமல் குச்சியால் நெம்பி முழுசாக எடுக்க வேண்டும். தண்டை நறுக்கிக் கூறுகட்டி விற்பதை நான் வாங்கச் சொல்லமாட்டேன். குப்பைமேட்டிலும் புல்தரையிலும் பழுப்புச் செதிலும் தண்டில் வளையமுமாக அகல விரிந்து நிற்பது வேறு சாதி. தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. விரிந்த குடையைக் காலையில் வெள்ளைத் தாளில் கவிழ்த்து டம்ளரால் மூடினால் மாலைக்குள் தூள் படியும். இந்தச் செதில் காளானுக்குப் பச்சை, புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு. நிறம் மட்டும் போதாது, புற்றும் வேரும் பொருந்த வேண்டும்.

இனி சமையல். அரைக்கிலோ புற்றுக்காளானுக்கு 150 கிராம் சின்ன வெங்காயம், 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், 2 தேக்கரண்டி இடித்த மிளகு. மண் ஒட்டிய வேரைச் சீவி, உப்புத் தண்ணீரில் அலசி உடனே வடித்துவிட வேண்டும். ஊறினால் நீர் குடித்து, வதங்காமல் அவிந்துபோகும். கையால் கிழித்து, வதங்கிய வெங்காயத்தில் போட்டுத் தீயைக் கூட்டலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது, அதுவே விடும். அது சுண்டிய பிறகே உப்பும் மிளகும். முன்னால் கண்ணளவில் போட்ட உப்பு, காளான் சுருங்கியதும் கரிக்கும். மொத்தம் கால் மணி நேரமாவது வேக வேண்டும். கரம் மசாலா கொட்டுகிறவர்களுக்குக் கடையில் விற்கும் பட்டன் காளானே போதும்.

பறித்த அன்றே சமைக்க வேண்டும்; விரிந்த குடையில் சீக்கிரம் புழு வைத்துவிடும். சமைக்காத ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வையுங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் ஆபத்து அதிகம். இடையில் ஒருநாள் தெளிந்தாற்போல இருந்து, பிறகு கல்லீரல் கெடும். வாந்தி தொடங்கிய உடனே 108-ஐ அழைத்து, அந்தக் காளானோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மேலூர்